சுவர் விழுங்காத குரல்

மைக் அக்காவுக்குக் கோபம் வந்தால் தண்ணீர் குடிப்பாள். கத்த மாட்டாள். கத்தினால் தொண்டை போய்விடும், தொண்டை போனால் சோறு போய்விடும். பதினேழு வருஷப் பழக்கம் அது. முன்பெல்லாம் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு போதும். புதுக் கட்டடம் திறந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு சொம்பு காலியாகிறது. அறிவிப்பு அறையிலிருந்து கழிப்பறைக்கு முப்பத்திரண்டு படி. அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் அவளுக்கு எரிச்சல்.

பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்வதுதான் அவள் வேலை. எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த நிறுத்தத்தில். அவ்வளவுதான். அந்த வேலைக்கு அவள் வந்ததே தற்செயலாக. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவளை, அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிய ஒரு நாளில் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் படிச்சு விடும்மா" என்று ஒரு தாளைக் கையில் திணித்தார்கள். படித்தாள். கூட்டத்தில் ஒருத்தர்கூட "என்ன? என்ன சொன்னாங்க?" என்று பக்கத்து ஆளைக் கேட்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக வண்டிக்குப் போய்விட்டார்கள். மறுநாள் தொண்டை சரியான ஆள் வந்தபோது நாற்காலி போயிருந்தது.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அம்மா அப்பா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போயிருந்தார்கள். ஆறு வயதுத் தங்கச்சி ஒருத்தி இடுப்பில். அந்தக் குட்டிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தது, தலை வாரிவிட்டது, காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் படுத்தது எல்லாம் அந்தக் குரல் வாங்கிக் கொடுத்த சம்பளத்தில்தான். கல்யாணப் பேச்சு இரண்டு தரம் வந்தது. வந்தவர்களில் ஒருத்தர், "பொண்ணு வீட்லயும் மைக்ல பேசுற மாதிரிதான் பேசுமா?" என்று கேட்டுவைத்தார். அவருக்கு அவள் பலகாரத்தைக்கூட எடுத்து வைக்கவில்லை.

பழைய கட்டடம் அழகில்லாத கட்டடம். மரக்கூரை, காரை பெயர்ந்த சுவர், சுவர் முழுக்க ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய தடித்தடியான சுவரொட்டிகள். ஓரமெல்லாம் பார்சல் மூட்டை. மூன்று பக்கம் திறப்பு. அந்தக் கூடத்துக்குள் ஒரு வார்த்தையை விட்டால், போக வேண்டிய காதுக்குப் போய்விட்டு மிச்சம் எங்கேயோ போய்ப் படுத்துக்கொள்ளும். திரும்பி வந்து யாரையும் தொந்தரவு செய்யாது.

புதுக் கட்டடம் மாளிகை. அப்படித்தான் மேனேஜர் சொல்வார், சொல்லும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். முகம் தெரிகிற கிரானைட் தரை. நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு கண்ணாடி. மேலே கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு குவிமாடம். உட்கார இரும்பு நாற்காலி. துணி, மரம், காகிதம் என்று கட்டடம் கட்டினதில் பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. சுவரொட்டி ஒட்டினால் அபராதம்.

திறந்த அன்றைக்கு அவள் மாடியில் இருக்கிற கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து முதல் அறிவிப்பைச் சொன்னாள். சொல்லி முடித்தாள். கூடம் முடிக்கவில்லை. அவள் வாயை மூடிய பிறகும் அவள் குரல் கீழே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சொல் கிளம்பிப் போய்க் கண்ணாடியில் முட்டும். வழவழவென்று இருக்கிற இடத்தில் அதைப் பிடித்து உட்கார வைக்க ஆளில்லை. அப்படியே திரும்பும், குவிமாடத்தில் முட்டும், தரைக்கு வரும், மறுபடி எதிர்க் கண்ணாடிக்குப் போகும். அதற்குள் அடுத்த சொல் கிளம்பி வந்துவிடும். இரண்டும் கட்டிப்பிடித்து உருளும். மூன்றாவது வந்து அதன்மேல் விழும். கீழே நிற்கிற ஆளுக்குக் கிடைப்பது கொழகொழவென்று ஒரு கஞ்சி.

அன்றைக்கே புகார்ப் புத்தகத்தில் பதினோரு கையெழுத்து. "அறிவிப்பாளர் பல் கட்டியிருக்கிறாரா?" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அவள் பல் முப்பத்திரண்டும் அவளுடையதுதான்.

மேனேஜர் கூப்பிட்டார். "கொஞ்சம் சத்தமா பேசுங்கம்மா."

"சத்தம் பத்தாம இல்ல சார். சத்தம் போக மாட்டேங்குது."

"போகாம? எங்க போகாம?"

"உள்ளயே சுத்துது சார்."

மேனேஜர் சுற்றும்முற்றும் பார்த்தார், கொசுவைத் தேடுகிற மாதிரி. பிறகு திருகாணியை வரச் சொன்னார். திருகாணி என்பது மைக்செட்காரருக்கு டிரைவர்கள் வைத்த பெயர். எதைக் கண்டாலும் திருகுவார். வந்தார், திருகினார், சத்தம் இரண்டு மடங்கானது. கஞ்சியும் இரண்டு மடங்கானது. மறுவாரம் இன்னும் நாலு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து நாலு மூலையிலும் மாட்டினார்; வெளி முற்றத்துக் கம்பத்தில் இருந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. இப்போது ஒரே சொல் நாலு திசையிலிருந்து நாலு நேரத்தில் வந்து சேர்ந்தது. ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதது. "இப்ப எப்படி?" என்று திருகாணி கூண்டுக்கு வந்து பெருமையாகக் கேட்டார். அவள் சொம்பை எடுத்தாள்.

மெதுவாகப் பேசிப் பார்த்தாள். ஒரு சொல்லை விட்டு, அது அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததை விட்டாள். கொஞ்சம் தேறியது. மூன்றாம் நாளே மேனேஜர் படியேறி வந்துவிட்டார்.

"என்னம்மா இது, ஒவ்வொரு வார்த்தையா எண்ணி எண்ணிப் போடுறீங்க? ஒரு வண்டிக்கு ஒரு நிமிஷமா? மொத்தம் நூத்தி எண்பது வண்டி இருக்கு."

அதுவும் போயிற்று.

இதெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. தங்கச்சிக்கு அன்றைக்கு நர்ஸ் வேலைக்கு நேர்முகத் தேர்வு. பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. ஆறே கால் வண்டி. அந்த வண்டி எப்போதும் மூன்றாம் நிறுத்தத்தில் நிற்கும். அன்றைக்கு அங்கே ஒரு வண்டி பழுதாகி நின்றதால், பின்பக்கம் பதினொன்றாம் நிறுத்தத்துக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா மாடியில் உட்கார்ந்து நாலு தரம் சொன்னாள். தங்கச்சி கீழே சான்றிதழ் பையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றாம் நிறுத்தத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆறே கால் போனது. ஆறரையும் போனது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி தட்டில் சோற்றைப் போட்டு, அக்கா முன்னால் வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தாள். அந்த ஒரு சாண் போதும், மீதி புரிந்துவிடும்.

"நாலு தரம் சொன்னேன்டி."

"நாலு தரமும் எதோ கேட்டுச்சு. நீதான்னு தெரிஞ்சுது. என்ன சொன்னேன்னுதான் தெரியல."

"மேல வந்து கேட்டிருக்கலாமே?"

"எங்க அக்கா பேசுறது எனக்குப் புரியலன்னு வந்து கேக்கணுமா? சின்ன வயசுல உன் குரலைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கமே வரும். ஊர்ல உள்ளவங்களை எல்லாம் கரெக்டா வண்டி ஏத்தி அனுப்புற. என்னை மட்டும் உக்கார வெச்சிட்ட."

அக்கா சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. கட்டடத்தின்மேல் பழி போடலாம்தான். ஆனால் கட்டடம் வந்து சோறு போட்டு வளர்க்கவில்லையே. ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி, மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு தேதி வாங்கினார்கள். அதுவே கடைசி என்று சொல்லிவிட்டார்கள்.

புகார்ப் புத்தகம் நிரம்பி இரண்டாவது புத்தகம் வந்ததும், மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே வம்பு என்று அவளுக்குத் தெரியும்.

"அடுத்த மாசம் மிஷின் வருது. ரெக்கார்டு பண்ணின குரல். பட்டனைத் தட்டினா அதுவே பேசும்."

"அப்ப நான்?"

"தொலைஞ்ச சாமான் அறைக்கு ஒரு ஆள் வேணும்னு கேட்டிருக்காங்க. நல்ல வேலைதான்மா, பேசவே வேணாம்." கொஞ்சம் இரக்கப்பட்டு, "தலைமை ஆபீஸ்லேர்ந்து அய்யா வியாழக்கிழமை வர்றார். அவரே நின்னு கேக்கப் போறார். தெளிவா இருந்தா மிஷின் வேணாம். இல்லன்னா சாவியைக் குடுத்துடுங்க" என்றார்.

ஆக, வியாழக்கிழமை வரைக்கும்தான் மைக். மறுநாள் வெள்ளிக்கிழமை தங்கச்சியின் ஆறே கால் வண்டி.

அவளுக்கு முதல் துப்புக் கொடுத்தது கூடத்து மூலையில் டீ விற்கிறவர். கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஏன் மைக் அக்கா, சாயந்திரம் நல்லாத்தானே பேசுறீங்க? காலைல மட்டும் வாயில எதையாவது போட்டுக்கிட்டுப் பேசுவீங்களா?"

"சாயந்திரம் நல்லா இருக்கா?"

"அஞ்சரை மணிக்கு மேல தெளிவா இருக்கே. அதுவும் சனிக்கிழமை சாயந்திரம்னா பழைய கட்டடத்துல கேட்ட மாதிரியே இருக்கு."

மறுநாளே அவள் சோதித்தாள். காலை ஐந்தரைக்குக் காலிக் கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தரம் கை தட்டினாள். தட்டின ஓசை போய்ப் போய் வந்து, தேய்ந்து அடங்குவதற்குள் ஐந்து வரை எண்ணிவிட்டாள். கூட்டிக்கொண்டிருந்த பெண், "யாருக்கு அக்கா பாராட்டு?" என்றாள். மாலை ஆறு மணிக்கு, தோளோடு தோள் இடிக்கிற கூட்டத்தில், அதே இடத்தில் நின்று மறுபடி தட்டினாள். இரண்டு எண்ணுவதற்குள் செத்துப்போனது. முன்னால் நின்ற பெரியவர் மட்டும் திரும்பி முறைத்தார்.

மனுஷர்கள்! சேலையும் சட்டையும் போர்வையும் துணிப்பையும் படுக்கைச் சுருட்டுமாக நிற்கிற மனுஷர்கள். கண்ணாடி திருப்பி அடிக்கிற ஓசையை இவர்கள் மேலே வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கப்புறம் அவள் போகிற இடமெல்லாம் கை தட்டிப் பார்த்தாள். குளியலறையில் தட்டினாள், பளாரென்று திரும்பி வந்தது. ஜவுளிக்கடையில் துணி அடுக்குகளுக்கு நடுவில் தட்டினாள், தட்டியதே தெரியவில்லை. மெத்தைக் கடையில் தட்டியபோது முதலாளி ஓடிவந்து, "ஆள் வேணும்னா கூப்பிட்டாலே வருவேன்மா" என்றார்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். நல்ல மரியாதையாக, புரிகிற மாதிரி, கையைக் காலை ஆட்டி எல்லாம் சொன்னாள். சுவரில் தடித்த திரை, கூரைக்குக் கீழே பஞ்சு அடைத்த பலகை, இரும்பு நாற்காலிக்கு மெத்தை. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வியாழக்கிழமை சோதனையை மட்டும் சாயந்திரம் கூட்டத்தோடு வையுங்கள் என்றாள்.

"ஜனங்க என்ன பஞ்சாம்மா, சத்தத்தை உறிஞ்ச?" மேனேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கண்ணாடிக்குத் திரை போடவா இவ்வளவு பெரிய கண்ணாடி வெச்சோம்? இந்தக் கிரானைட்டை நான் நேர்ல போய்ப் பொறுக்கினேன், தெரியுமா? கோணல் வாயை வெச்சுக்கிட்டுச் சுவரைக் குத்தம் சொல்றீங்களே."

கோணல் வாய் என்றார். பதினேழு வருஷம்! அவள் எழுந்து வந்துவிட்டாள். அன்றைக்குச் சொம்பு பத்தவில்லை, குடத்தோடு தூக்கிக் குடித்தாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தவளுக்கு அழுகை முட்டியது. அய்யா வருகிறார் என்று மேனேஜர் கூடத்தைச் சுத்தம் செய்திருந்தார். சுத்தம் என்றால் துடைத்து வைத்த சுத்தம். பார்சல் மூட்டை ஒன்றுகூட இல்லை. டீக்கடையின் துணிப் பந்தலையும் கழற்றிவிட்டார்கள். வாசலில் கிடந்த கால்மிதியைக்கூடச் சுருட்டி ஒளித்துவிட்டார்கள். ஊர்ப்பட்ட பயணிகளை வெளியே வண்டிகள் நிற்கிற முற்றத்தில் தள்ளி, குறுக்கே கயிறு கட்டி, இரண்டு காவலாளிகளை நிறுத்தியிருந்தார்கள். பளபளக்கிற கூடத்தின் நடுவில் அய்யாவுக்கு ஒரே ஒரு நாற்காலி. அதுவும் இரும்பு.

"சார், ஆளுங்களை உள்ள விடுங்க சார். கால்வாசிப் பேராவது."

"அய்யா முன்னாடி மூட்டையும் முடிச்சுமா நிக்கணுமா? மேல போங்கம்மா."

அய்யா வந்தார். ஒல்லியாக, அவசரமாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடுவில் போய் நின்றார். உட்காரவில்லை. மேனேஜர் மேலே பார்த்துக் கையை அசைத்தார். அவள் மைக்கைத் திறந்து எட்டரை வண்டியைச் சொன்னாள். தெளிவாக, அழுத்தமாக, வாழ்க்கையில் இதற்குமேல் ஒழுங்காகச் சொல்ல முடியாது என்கிற அளவுக்குச் சொன்னாள். கூடம் அதை வாங்கி மென்று துப்பியது. அய்யா காதுப்பக்கம் கையை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். மேனேஜர், பார்த்தீங்களா என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார். திருகாணி எதையோ திருகினார்.

இன்னொரு தரம் என்று கை காட்டினார்கள். இன்னொரு தரமும் கஞ்சிதான். அய்யா பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். அவர் எழுதப்போவது என்ன என்று அவளுக்கு மேலிருந்தே தெரிந்தது.

அப்போதுதான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். முற்றத்தில் கயிற்றுக்குப் பின்னால் இருநூறு, முந்நூறு பேர். அவர்களில் ஏழெட்டுப் பேர் கூட்டத்திலிருந்து பிரிந்து, எட்டரை வண்டி நிற்கிற நிறுத்தத்தைப் பார்த்து நேராக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டிருக்கிறது! முற்றத்தில் இருக்கிற ஸ்பீக்கருக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. போன சத்தம் போனதுதான், திரும்பி வந்து கலக்குவதில்லை. வெளியே நிற்கிற டிரைவர்கள் யாரும் இத்தனை நாளில் ஒரு புகார்கூட எழுதாதது ஏன் என்று அந்த நொடியில் புரிந்தது.

மைக் அக்கா பதினேழு வருஷத்தில் செய்யாத காரியத்தைச் செய்தாள்.

"பயணிகள் கவனத்திற்கு. வெளியே வெயிலில் நிற்கும் பயணிகள் அனைவரும், உங்கள் மூட்டை முடிச்சுகளுடன், உடனே கூடத்திற்குள் வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

உள்ளே அய்யாவுக்கும் மேனேஜருக்கும் வழக்கம்போல ஒரு எழவும் புரியவில்லை. மேனேஜர் இன்னொரு சோதனை அறிவிப்பு என்று நினைத்துத் தலையைக்கூட ஆட்டினார். வெளியே கயிறு அறுந்தது. காவலாளிகள் இரண்டு பேரும் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வந்து சேர்ந்தார்கள். படுக்கைச் சுருட்டு, கம்பளிப் பொதி, துணி மூட்டை, தூங்குகிற பிள்ளை, இலவம்பஞ்சுத் தலையணை இரண்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒரு பாட்டனார். ஒரே நிமிஷத்தில் கூடம் அடைந்துபோனது. அய்யாவுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் யாரோ ஒரு அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு விட்டது இவங்களை? யாரு விட்டது?" மேனேஜர் குதித்தார்.

அவள் மறுபடி எட்டரை வண்டியைச் சொன்னாள். சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, முழுசாகப் போய் இறங்கியது. கூட்டம் தலையைத் திருப்பியது. அய்யாவின் பேனா நின்றது.

"இப்ப நல்லா இருக்கே!" என்றார்.

அவள் முப்பத்திரண்டு படியையும் எட்டுத் தாவலில் இறங்கி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "அய்யா, இவங்க இருக்கறதாலதான் நல்லா இருக்கு. இவங்களை வெளிய அனுப்பிட்டு ஒரே ஒரு தரம் கை தட்டிப் பாருங்க. கண்ணாடியும் தரையும்தான் அய்யா சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்குது. ஒரு திரை போட்டா..."

"நான்தான் அய்யா கடைசி நேரத்துல ஒரு திருகு திருகினேன்" என்றார் திருகாணி, பின்னாலிருந்து.

"அப்படியா, வெரி குட்" என்றார் அய்யா, அவரைப் பார்த்து. கடிகாரத்தையும் பார்த்தார். "மிஷின் வேணாம். இந்தம்மா போதும். ஸ்பீக்கர் நல்லா வேலை செய்யுது, இன்னும் ரெண்டு வேணும்னா வாங்கிக்குங்க."

கார் கிளம்பிப் போயே போய்விட்டது.

மைக் பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டியதுதான். டீக்கடைக்காரர் காசு வாங்காமல் டீ கொடுத்தார். ஆனால் அவள் கூடத்து நடுவிலேயே நின்றிருந்தாள். கூட்டம் கலைந்து வண்டிகளுக்குப் போகப் போக, பேச்சுச் சத்தமெல்லாம் மெல்ல மெல்ல மறுபடியும் கஞ்சியாகிக்கொண்டு வருவது அவள் காதுக்கு நன்றாகவே தெரிந்தது. நின்று கேட்டவர் அய்யா ஒருத்தர், அவர் நம்பியது திருகாணியின் திருகை. சுவர்மேல் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. கூடத்தில் பதினாலு பேர். அதில் ஒருத்தி தங்கச்சி, சான்றிதழ் பை மடியில். அக்கா கூண்டில் உட்கார்ந்து தாளைப் பார்த்தாள். ஆறே கால் வண்டி இன்றைக்கு ஏழாம் நிறுத்தம். மைக்கில் சொன்னாள். கீழே பதிமூன்று தலை ஒரே சமயத்தில் மேலே நிமிர்ந்தன, வாயைப் பிளந்துகொண்டு. தங்கச்சி மட்டும் நிமிரவில்லை. குனிந்து பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள், மேலே பார்த்தால் அக்கா மனசு கஷ்டப்படும் என்று.

அக்கா கூடத்து ஸ்பீக்கரை அணைத்தாள். அறிவிப்புத் தாளை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். முதல் வரிசையில் இருந்த தாத்தாவிடம் குனிந்து, "உங்களுக்கு எங்க போகணும்?" என்று கேட்டு, அவர் ஊரைச் சொன்னதும், "ரெண்டாம் நிறுத்தம், ஆறு இருபது" என்றாள். அடுத்த ஆள். அதற்கடுத்த ஆள். கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று சொன்னால் எந்தக் கண்ணாடியும் குறுக்கே வர முடியாது. வார்த்தை முதலில் காதுக்குள் போய்விடும், சுவருக்கு மிச்சம்தான்.

தங்கச்சியிடம் வந்தாள்.

"ஏழாம் நிறுத்தம்டி. ஏறி ஜன்னலோரம் உக்காரு. அங்க போய்த் திக்காம பதில் சொல்லு."

"ம்." எழுந்தவள், அக்காவின் கழுத்தில் வேர்வையைத் தன் துப்பட்டாவால் ஒரு தரம் ஒற்றினாள். "பதினாலு பேர்கிட்டயும் போய்ப் போய்ச் சொல்லப் போறியா?"

"நூத்தி எண்பது வண்டிக்கும்."

"பைத்தியம்" என்றாள் தங்கச்சி. போனாள். வண்டி சரியாக ஆறே காலுக்குக் கிளம்பியது.

மைக் சத்தமே கேட்கவில்லையே என்று மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். கூடத்தின் அந்தக் கோடியில் நின்று, கையை நீட்டி, முழுத் தொண்டையில் அவளைப் பார்த்து என்னவோ கத்தினார். திட்டுதான். எந்தத் திட்டு என்றுதான் விளங்கவில்லை. அது கண்ணாடிக்குப் போய், குவிமாடத்துக்குப் போய், அவர் நேரில் போய்ப் பொறுக்கிய கிரானைட்டில் உருண்டு, வாலும் தலையும் இல்லாமல் வந்து சேர்ந்தது. மறுபடி கத்தினார். இன்னும் மோசம்.

மைக் அக்கா தாளை மடித்து இடுப்பில் செருகினாள். காதருகே கையைக் குவித்து வைத்தாள். கொஞ்சமும் சிரிக்காமல் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். கிட்டே வாங்க என்று கையால் கூப்பிட்டாள்.

மேனேஜர் இன்னும் ஒரு தரம் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, செருப்பு டக் டக்கென்று கூடம் முழுக்க எதிரொலிக்க, அந்தக் கோடியிலிருந்து அவளைப் பார்த்து நடந்து வர ஆரம்பித்தார். நீளமான கூடம். அவள் நின்ற இடத்தைவிட்டு ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.